மேப்பிள் என்று என் தலையில் கட்டிய மரம்

கரடுமுரடான பட்டைக்காகவே ஜப்பானிய மேப்பிள் வாங்க நினைப்பவர்கள், அதிலும் குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நிற்கும் செடியை வாங்கப் போகிறவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வசிக்கும் நான், இங்கே குளிர்காலமான கடந்த ஜூலை மாதம் சாலையோரம் செடி விற்கும் ஒருவரிடம், ‘அரகாவா’ (கரடுமுரடான பட்டை கொண்ட ஜப்பானிய மேப்பிள் வகை) என்று அவர் சொன்ன செடியை 1,800 ராண்ட் கொடுத்து வாங்கினேன். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அதன் கிளைகளில் தக்கை போன்ற பட்டை வரப்பு வரப்பாக எழும்பியிருந்தது. அதைத் தடவிப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உண்மையான அரகாவாவின் இளங்கிளைகள் வழவழப்பாகவே இருக்கும் என்பதும், சில ஆண்டுகள் கழித்துத்தான் தண்டில் பட்டை வெடிக்கத் தொடங்கும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பரில் நட்சத்திர வடிவ இலைகள் துளிர்த்தபோது, படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. தீபாவளிக்கு வந்திருந்த, பொன்சாய் வளர்க்கும் என் மைத்துனர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, “மச்சான், மேப்பிள் இலையில் பிசின் வாடை வராது, இது லிக்விடம்பர்” என்றார். இருபது மீட்டருக்கு மேல் வளரக்கூடிய அந்த அமெரிக்க மரத்தின் முள்ளுருண்டைக் காய்களை எங்கள் தெருவிலேயே தினமும் மிதித்து நடக்கிறேன்!

இலை இல்லாதபோதும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். மேப்பிளின் கிளையில் மொட்டுகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமர்ந்திருக்கும். லிக்விடம்பரில் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது சற்று மேலே அந்தப் பக்கம் என மாறி மாறி வரும். மேலும், அரகாவாவைப் பெரும்பாலும் ஒட்டுக் கட்டியே விற்பதால், அடித்தண்டில் ஒட்டின் தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, “ஐந்து மடல் இலை என்றால் எல்லாம் மேப்பிள்தானே” என்றவர், மறுநாளிலிருந்து தொலைபேசியை எடுக்கவில்லை. பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் வணிகரிடம் திருப்பிக் கொடுக்க 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. ஆனால், என்ன செடி என்று எழுதிய ரசீது ஒன்றைக்கூட நான் வாங்கி வைக்கவில்லை. செடி இன்னும் அதே தொட்டியில் நிற்கிறது. தரையில் நட்டால் அடுத்த வீட்டுச் சுவருக்கு ஆபத்து என்று மனைவி தடுத்துவிட்டாள்.