உடைந்த கொலு பொம்மைகளைச் சீராக்கித் தரும் பாட்டரி டவுன் பட்டறை

பெங்களூரில் கொலு பொம்மை வாங்குவது எளிது. நவராத்திரி நெருங்கினால் மல்லேஸ்வரத்திலும் காந்தி பஜாரிலும் ஜெயநகர் நான்காம் பிளாக்கிலும் நடைபாதை வரை பொம்மைகள் வந்துவிடுகின்றன. கன்னடக் குடும்பங்களும் தசராவுக்குப் பொம்மை வைப்பதால், நமக்குப் பழக்கமான காஞ்சிபுரம், பண்ருட்டிப் பொம்மைகளோடு கர்நாடகத்திலுள்ள சென்னபட்டணத்து மரப் பொம்மைகளும் பட்டத்து ராஜா ராணி இணைகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆனால் உடைந்த பொம்மையைக் கொண்டுபோய்ச் சீராக்கித் தரமுடியுமா என்று கேட்டால், கடைக்காரர்களில் பெரும்பாலோர் புதிதாக வாங்கிக்கொள்ளும்படியே சொல்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் வார்த்து, அச்சும் எங்கே போயிற்று என்று தெரியாத பொம்மையை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதிலால் பயனில்லை. பாட்டரி டவுனில் உள்ள ஒரு பட்டறையைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

எங்கள் வீட்டுப் பொம்மைகள் என் மாமியாருக்கு அவருடைய பிறந்த வீட்டார் காஞ்சிபுரத்திலிருந்து வாங்கிக் கொடுத்தவை. அல்சூரிலிருந்து கே.ஆர்.புரத்துக்கு வீடு மாறியபோது, சாமான்களை ஏற்றிய நிறுவனத்தின் ஆட்கள் பொம்மைகள் இருந்த தகரப் பெட்டியின் மேல் கிரைண்டர் கல்லை வைத்துவிட்டார்கள். பெட்டியின் மூடி உள்வாங்கி, ராமர் பட்டாபிஷேகத் தொகுதியின் பின்பலகை இரண்டாகப் பிளந்தது. ஆண்டாளின் கிளி ஏந்திய கை மணிக்கட்டோடு உடைந்தது. செட்டியாரின் வயிறு சில்லு சில்லாகிப் போயிற்று. மற்ற பொம்மைகள் வேட்டித் துணியில் சுற்றி அடியில் இருந்ததால் தப்பின.

பென்சன் டவுனை ஒட்டியுள்ள பாட்டரி டவுன், பெயருக்கேற்பக் குயவர் குடும்பங்கள் வாழும் பகுதி. தமிழ் பேசுபவர்கள் அங்கே பலர் இருப்பதால் நம் பேச்சிலேயே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லலாம். பானை, அகல் விளக்கு, தொட்டி, விநாயகர் சிலை ஆகியவைதான் அங்கே முக்கியமான தொழில். நான் சென்ற பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லை. வயதான ஒருவரும் அவருடைய மருமகளும் வேலை செய்கிறார்கள். மண் வேலை பெரியவருடையது, வண்ண வேலை அந்தப் பெண்ணுடையது. பொம்மை சீரமைப்பு அவர்களுக்குப் பக்கத்தொழில்தான் என்றாலும், அதைச் செய்யும் விதத்தில் அலட்சியம் ஏதும் இல்லை.

பெரியவர் முதலில் பார்த்தது உடைந்த இடத்தின் நிறத்தை. முழுக்கச் செம்மண் நிறமாக இருந்தால் நன்றாகச் சுட்ட மண். நடுவில் கறுப்புப் பட்டை தெரிந்தால் சூடு உள்வரை செல்லவில்லை, ஆகவே அந்த இடம் பலவீனமானது. வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நார் நாராகப் பிரிந்தால் காகிதக்கூழ். இந்த நான்கில் எது என்று தெரியாமல் விலை சொல்வதில்லை என்பது அவருடைய வழக்கம், அது நியாயமானதும்கூட. எங்கள் ஆண்டாளும் ராமரும் நல்ல சூட்டில் வெந்தவர்கள். செட்டியாரின் வயிற்றில் கறுப்புப் பட்டை தெரிந்ததால், ஒட்டினால் மட்டும் போதாது, உள்ளேயும் தாங்கல் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். செட்டியாரின் தோளில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒட்டிய பசை மஞ்சளாகித் திரண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது வேலையைத் தொடங்கினார்.

வேலை நடந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே பொம்மைகளை வீட்டில் ஒட்ட முயல்கிறவர்களுக்கும் அது பயன்படும். பழைய பொம்மைகளில் வெள்ளைச் சுண்ணப்பூச்சின் மேல் நீரில் கரையக்கூடிய வண்ணங்களைப் பூசியிருப்பதுண்டு என்பதால் ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. துணியோடு முகமும் வந்துவிடும். அவர்கள் மென்மையான உலர்ந்த தூரிகையால் மட்டும் தூசியைத் தட்டினார்கள். பிறகு பசை தடவாமலே துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, உட்புறத்தில் பென்சிலால் எண் போட்டு, எந்தத் துண்டை முதலில் ஒட்ட வேண்டும் என்ற வரிசையை முடிவு செய்தார்கள். சில்லுகள் பலவாக இருக்கும்போது இந்த வரிசை தவறினால் கடைசித் துண்டுக்கு இடம் கிடைக்காது. நொடியில் ஒட்டிக்கொள்ளும் பசையை அவர்கள் தொடுவதில்லை. சுட்ட மண் நுண்துளை நிறைந்தது என்பதால் அதை உறிஞ்சிக்கொள்ளும், கோணலாகப் பொருந்திவிட்டால் நகர்த்தித் திருத்தவும் நேரம் கிடைக்காது. இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும், மெதுவாக இறுகும் பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒட்டிய பொம்மையை மணல் நிரப்பிய தட்டில் சாய்த்து வைத்து, துணிப் பட்டையால் கட்டி அசையாமல் விட்டுவிடுகிறார்கள்.

சில்லாகிப் பொடிந்து காணாமல் போன இடங்களை நிரப்பும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பச்சை மண்ணால் நிரப்ப முடியாது. மண் காயும்போது சுருங்கும், மீண்டும் சூளையில் வைத்தால் பழைய வண்ணம் முழுவதும் எரிந்துபோகும். அதனால் உடைந்த பானை ஓடுகளை இடித்துச் சலித்த பொடியைப் பசையோடு குழைத்து நிரப்புகிறார்கள். அந்தப் பொடி ஏற்கெனவே சுட்டது என்பதால் அது சுருங்குவதில்லை, தட்டிப் பார்த்தால் ஒலியும் மண் பொம்மையின் ஒலியாகவே கேட்கிறது. செட்டியாரின் வயிற்றுக்குள், அடியில் உள்ள திறப்பு வழியாகப் பருத்தித் துணியைப் பசையில் நனைத்து அணைத்து ஒட்டியிருக்கிறார்கள். இப்போது அவரைத் தூக்கும்போது முன்னைவிட உறுதியாகவே இருக்கிறார்.

வண்ணத்தில்தான் இந்தப் பட்டறை மற்ற இடங்களிலிருந்து முற்றிலும் வேறுபடுகிறது என்பது என் கருத்து. கொலு பொம்மைக்குப் புது வண்ணம் அடித்துத் தருபவர்கள் நகரில் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்து வாங்கிய பொம்மைகளை உறவினர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். பளபளக்கும் எனாமலும் தடித்த தங்கப் பூச்சும் ஏறியபின், மகாலட்சுமிக்கும் மீனாட்சிக்கும் ஒரே முகம் வந்துவிடுகிறது. புடவைக் கரையில் நுண்ணிய தூரிகையால் போட்ட புள்ளி, நெற்றிச் சுட்டியின் நிழல், கன்னத்தில் மெல்லிய சிவப்பு என்று முதலில் செய்த கைவினைஞர் வைத்த ஒவ்வொன்றும் மறைந்துபோகிறது. பாட்டரி டவுன் பட்டறையில் வண்ணம் போன இடத்துக்கு மட்டுமே வண்ணம் வைக்கிறார்கள். ஆண்டாளின் புடவை மாம்பழ மஞ்சளாக இருந்து, காலத்தால் சற்றுப் பழுப்பேறியிருந்தது. மருமகள் அந்தப் பழுப்பையும் சேர்த்துக் கலந்து, பீடத்தின் அடியில் தீட்டிப் பார்த்து, காய்ந்த பிறகு நிறம் மாறுகிறதா என்று கவனித்த பின்னரே கையில் பூசினார். மேலே ஒளியைத் திருப்பாத வார்னிஷைத்தான் தடவியிருக்கிறார். ஒட்டிய இடத்தைத் தெரிந்தவர்கள் அருகில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்; படியில் வைத்த பிறகு தெரியாது. கண்களை மட்டும் தொட மறுத்துவிட்டார். பொம்மைக்குக் கண் வைப்பது கடைசி வேலை, முதலில் செய்தவர் திறந்த கண் நன்றாக இருக்கும்போது அதன்மேல் இன்னொருவர் தூரிகை போகக்கூடாது என்று அவர் சொன்னது எனக்கு மனநிறைவைத் தந்தது.

உடைந்த பொம்மையைத் திரும்பக் கொலுவில் வைக்கலாமா என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. பின்னமான உருவத்தை வீட்டில் வைக்கக்கூடாது, நீரில் விட்டுவிட வேண்டும் என்று என் மாமியாரின் தங்கை உறுதியாகச் சொன்னார். அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த விதி பிரதிஷ்டை செய்து பூசிக்கும் திருவுருவங்களைப் பற்றியது. அவற்றுக்கேகூட ஆகமங்களில் ஜீர்ணோத்தாரணம் என்ற புதுப்பிக்கும் முறை இருக்கிறது. எங்கள் வழக்கத்தில் அம்பிகையை ஆவாகனம் செய்வது கலசத்தில். படிகளில் உள்ள பொம்மைகள் அவளுடைய சபை. அந்தச் சபையில் செட்டியாரும் இருக்கிறார், கல்யாண ஊர்வலமும் இருக்கிறது, காய்கறிக்காரியும் இருக்கிறாள். அவர்களில் ஒருவருக்குக் கை ஒடிந்தால் ஒதுக்கிவிடாமல் கட்டுப்போட்டு அழைத்துக்கொள்வதுதான் அந்த ஏற்பாட்டின் மனத்துக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். மேலும், ரசாயன வண்ணம் பூசிய பொம்மையை அல்சூர் ஏரி போன்ற நீர்நிலைகளில் விடுவதால் ஏரிக்கு நன்மை இல்லை. மனம் ஒப்பாதவர்கள் வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். தெய்வ உருவங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கொடுப்பவர்களும் அங்கே வருகிறார்கள் என்று பெரியவர் சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரசீது தருவதில்லை, பொம்மையின் பீடத்தில் நம் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பதோடு சரி. ஆகவே கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. தொலைபேசியை வேலை நேரத்தில் எடுப்பதில்லை. சொன்ன நாளுக்குள் முடியவில்லை. காரணம் நேர்மையானதுதான் என்றாலும், முன்கூட்டியே தெரிவித்திருந்தால் கே.ஆர்.புரத்திலிருந்து அந்த நெரிசலில் வீணாகப் போய்வர நேர்ந்திருக்காது. ராமரின் கிரீடத்தில் வைத்த பொன்னிறம் பழையதைவிடச் சற்றுப் பிரகாசமாக இருக்கிறது. அதை மங்கலாக்கித் தரச் சொன்னபோது மறுப்புச் சொல்லாமல் செய்தார்கள், ஆனாலும் முழுதாக ஒத்துப்போகவில்லை. திருப்பித் தரும்போது மெல்லிய செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள், அது போதாது. பழைய வேட்டியும் அட்டைப்பெட்டியும் நாமே கொண்டுபோக வேண்டும்.

ஆண்டாளுக்கு 400 ரூபாய், செட்டியாருக்கு 900, ராமர் தொகுதிக்கு 1,200 என்று மொத்தம் 2,500 ரூபாய் வாங்கினார்கள். செட்டியாரை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தத் தொகை அதிகம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் உள்தாங்கலும் நிரப்பலும் வண்ணமுமாக அவர்மேல் சென்ற உழைப்பை நேரில் பார்த்ததால், நான் பேரம் பேசவில்லை.

எப்போது கொடுக்க வேண்டும் என்பது மிக முக்கியம். விநாயக சதுர்த்தி முடிந்து ஒரு மாதத்துக்குள் நவராத்திரி வந்துவிடுகிறது, அதைத் தொடர்ந்து தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல் விளக்கு வேலை வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் குயவர் வீட்டில் சீரமைப்புக்கு நேரம் கிடைக்காது. பெங்களூரில் செப்டம்பர் மாத மழை வேறு கடுமையாக இருக்கும் என்பதால் நிரப்பிய இடம் காய்வதற்கும் வண்ணம் உலர்வதற்கும் இரட்டிப்பு நாள் பிடிக்கிறது. நான் அவசரம் காட்டியபோது, "காயறதுக்கு முன்னாடி எடுத்துக்கிட்டுப் போனா வழியிலேயே விட்டுடும்மா" என்று பெரியவர் தடுத்துவிட்டார். கொலுவை எடுத்து வைக்கும்போதே விரிசல் கண்டவற்றைத் தனியாக ஒதுக்கி, மாசி, பங்குனி வெயிலில் கொண்டுபோய்க் கொடுத்தால் நிதானமாகவும் சுத்தமாகவும் வேலை நடக்கும்.

எல்லாப் பொம்மைகளையும் அவர்கள் ஏற்பதில்லை. ஈரம் பட்டு ஊறிய காகிதக்கூழ் பொம்மையையும், பொடியாக உதிரும் பிளாஸ்டர் பொம்மையையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மரப்பாச்சியின் விரிசலுக்குத் தச்சரைத்தான் பார்க்க வேண்டும். சுட்ட மண் பொம்மை என்றால், துண்டுகள் எத்தனை சிறியவையாக இருந்தாலும் கூட்டித் தள்ளிவிடாமல் ஒரு டப்பாவில் போட்டு, பொம்மையோடு சேர்த்தே கொண்டுபோங்கள். காலையில் பதினொரு மணிக்கு முன்னால் சென்றால் பெரியவர் சூளைப் பக்கம் போகாமல் பட்டறையிலேயே இருப்பார்.