இடியன் இரட்டைக்குழலோடு சில போகங்கள்: ஒரு தம்பலகாமத்து அனுபவம்

பழைய துவக்கில் மோகம் கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். இடியன், அதாவது குழல்வாய் வழியே மருந்தை இடித்து நிரப்புகிற துவக்கு, இரட்டைக்குழல் என்றால் இரண்டு வெடி வைக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். இரவுக் காவலில் உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு வெடிதான். இரண்டாவது குழல் பெரும்பாலும் அவசரத்துக்கு மட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என்னிடம் உள்ளது தாய்மாமன் வழியாக வந்தது. பர்மிங்காமில் செய்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துவக்கு. பக்கம் பக்கமாக இரண்டு குழல், இரண்டு சுத்தியல், இரண்டு விசை. குழலின் வாய்வழியே வெடிமருந்தையும் சன்னத்தையும் (ஈயச் சிறுகுண்டுகள்) இறக்கி, பின்பக்கத்தில் துளையுள்ள சிறு முனையான முலையில் கேப் (சுத்தியல் தட்டினால் பொறி விடும் சிறு உலோக மூடி) மாட்டிச் சுடுகிற வகை. யுத்த காலத்தில் இது எங்கே கிடந்தது, எப்படித் திரும்பி வந்தது என்பது தனிக்கதை. அனுமதிப்பத்திரம் என் பெயருக்கு மாறியதிலிருந்து திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்து வயலில் பன்றிக் காவலுக்கு இதைத்தான் கொண்டுபோகிறேன்.

அனுமதி விஷயத்தில் விளையாட வேண்டாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தில் இடியனும் துவக்குத்தான். பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மருந்தையும் அனுமதியுள்ள இடத்தில்தான் வாங்க வேண்டும். பட்டறையில் தண்ணீர்க் குழாயை வெட்டிச் செய்கிறார்களே, அது வேறு சாமான்; அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வழியில் கம்பி கட்டி வைக்கிற கட்டுத்துவக்கு அதைவிட மோசம். அதற்குப் பன்றி, மாடு, யானை, விடியற்காலை தண்ணீர் கட்டப் போகிற மனிதர் எல்லாம் ஒன்றுதான். மான், மரை, மயில் பக்கம் குழலைத் திருப்பவும் கூடாது. அவை 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. யானை வந்தால் சத்தத்தால் விரட்ட யானைவெடி இருக்கிறது, கீழே இறங்கி ஓடக் காலும் இருக்கிறது.

பழைய இடியன் கைக்கு வந்தால் சுட நினைக்கும் முன் இடிகோலை எடுங்கள். குழலுக்குள் இறக்கி, வாய் விளிம்பில் அடையாளம் வைத்து, வெளியே எடுத்து குழலின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். கோல் அடிவரை போகவில்லை என்றால் உள்ளே யாரோ என்றோ இடித்த மருந்து இன்னும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறை தாண்டிய மருந்தும் காய்ந்து கிடந்தால் வெடிக்கும். அடுத்து, தெரிந்த ஒருவரிடம் காட்டி அடிப்பகுதிக் குழலில் துருக்குழி இருக்கிறதா, முலைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என்னுடையதன் குழல், இரும்பு உருக்குப் பட்டிகளை முறுக்கிச் சுற்றி ஒட்டிய டமாஸ்கஸ் வகை. பார்க்க அழகு. ஆனால் கறுப்பு மருந்துக்கு மேல் எதையும் தாங்கும் என்று நம்பக்கூடாது.

இங்கே ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. கறுப்பு மருந்து கிடைக்காத நேரத்தில் 12 போர் தோட்டாவை வெட்டி, அதன் மருந்தை இடியனில் போடுவார்கள். தோட்டா மருந்து புகையில்லாத வகை. அதன் அழுத்தம் வேறு கணக்கு. அதைப் போட்ட இடியன் கையிலேயே பிளக்கலாம். விரல் இல்லாத வேட்டைக்காரர் ஒருவரையாவது பார்க்காத கிராமம் இந்தப் பகுதியில் குறைவு.

சரி, சுடும் முறைக்கு வருவோம். முதலில் குழலில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு, மருந்து இல்லாமல் வெறும் கேப் மட்டும் வைத்து, வாயைப் புல்லுக்கு நேரே பிடித்து அடித்துப் பார்ப்பேன். புல் அசைந்தால் முலைத் துளை சுத்தம். பிறகு அளவுக் கிண்ணத்தில் மருந்து, அதன்மேல் தடித்த அட்டை, மெத்தை அட்டை, சன்னம், மேலே மெல்லிய அட்டை. சன்னத்துக்கும் மருந்துக்கும் ஒரே கிண்ணம், ஒரே கொள்ளளவு. மருந்தைக் கூட்டினால் வலு கூடும் என்று நினைப்பார்கள். சன்னம் பரந்து சிதறுவதுதான் மிச்சம். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றவே கூடாது. உள்ளே ஒரு பொறி கிடந்தால் கையில் இருக்கிற குடுவை முழுவதும் வெடிக்கும்.

இரட்டைக்குழலுக்கே உரிய ஆபத்து இரண்டு இருக்கிறது. ஒரே குழலில் இரண்டு தரம் மருந்து போட்டுவிடுவது முதலாவது. இருட்டில் சுலபமாக நடக்கும். நான் இடிகோலில் கத்தியால் இரண்டு கீறல் வைத்திருக்கிறேன், ஒன்று வெறும் குழலுக்கு, மற்றது நிரப்பிய குழலுக்கு. மற்றதைப் பலர் யோசிப்பதில்லை. வலக்குழலைச் சுட்டால் அந்த அதிர்ச்சியில் இடக்குழலின் சன்னம் முன்னே நகரலாம். மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையில் வெற்றிடம் விழுந்தால் குழல் வீங்கும், சில நேரம் வெடிக்கும். ஆகவே வலக்குழலை நிரப்புமுன் இடக்குழலின் கேப்பைக் கழற்றிவிட்டு, கோலால் அதையும் ஒரு தரம் அமுக்கிப் பார்க்க வேண்டும். கேப் அடித்தும் வெடிக்காவிட்டால் வாயை வயல் பக்கமே வைத்து ஒரு நிமிடமாவது காத்திருங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு.

பன்றிக்குச் சிறு சன்னம் சரிவராது. காயப்பட்டுப் போய்க் காட்டுக்குள் கிடந்து சாகும். நான் போடுவது ஒற்றைக் குண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக வார்த்தால் ஒன்றின் விட்டம்தான் 12 போர் குழலின் விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குண்டு அதைவிடக் கொஞ்சம் சிறிதாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி இறக்குவேன். உட்புறம் வழவழப்பான குழல், வாய் ஒடுக்கமும் இல்லை. இருபத்தைந்து எட்டுத் தூரத்துக்கு மேல் நான் விசையைத் தொடுவதில்லை. பரணை வரம்பு ஓரத்தில், பன்றி ஏறி வரும் பாதைக்குப் பக்கத்தில் கட்டுவது அதற்காகத்தான். வயல் விவகாரங்களைக் கவனிக்கிற வட்டவிதானை ஐயா ஒருமுறை பரணைப் பார்த்துவிட்டு, “தம்பி, பன்றிக்குக் கை குடுக்கவா போறீர்?” என்று கேட்டார்.

இனி அந்த இரண்டாவது வெடி. கறுப்பு மருந்தின் புகை வெள்ளைச் சுவர் மாதிரி எழும். காற்றில்லாத மாரி இரவில் டோர்ச் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். பன்றி விழுந்ததா, ஓடியதா, உங்கள் பக்கம் வருகிறதா, ஒன்றும் தெரியாது. தெரியாததைச் சுடக்கூடாது. பக்கத்து வயல் காவல்காரரும் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழும்பி வந்திருப்பார். புகை கலைந்து, காயப்பட்ட பன்றியைக் கிட்டப் போய்ப் பார்க்கும்போதுதான் இடக்குழலுக்கு வேலை. சிறுபோகத்தில் கச்சான் காற்று வீசுகிற நாட்களில் புகை உடனே போய்விடும். அப்போது இரட்டைக்குழல் உண்மையிலேயே இரட்டைக்குழல்.

இந்தக் கேப் முறைக்கும் பறவை வேட்டைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பழைய சிக்கிமுக்கித் துவக்கின் முன்பொறியைக் கண்டே பறவைகள் பறந்துவிடுகின்றன என்று சலித்துப்போன ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத் என்பவர்தான், தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தி 1807இல் காப்புரிமை எடுத்தவர். கேப் பிறகு அதிலிருந்து வளர்ந்தது. பொறி குறைந்தது சரி, ஈரப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. கார்த்திகை மார்கழி மழையில் கேப்பின் விளிம்பைத் தேன்மெழுகால் அடைத்து, சுத்தியல்களுக்கு மேல் தோல் உறை போட்டாலும் நம்பிக்கை அரைவாசிதான். பெரும்போகக் காவலுக்கு இது முதல் தெரிவு இல்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

சுத்தம் செய்வதைச் சோம்பலுக்கு விடமுடியாது. கறுப்பு மருந்தின் கரி ஈரத்தை இழுக்கும். கொட்டியார்குடாக் காற்றில் உப்பும் இருக்கிறது. ஓர் இரவு விட்டால் காலையில் செம்மண் நிறம் தெரியும். நான் செய்வது இது: குழலைக் கழற்றி, முலைகளையும் கழற்றி, வாளியில் கொதித்த நீரும் சவர்க்காரமும் விட்டு, துணிச் சுற்றிய கோலால் தண்ணீர் தெளியும்வரை இழுப்பேன். சூட்டிலேயே குழல் தானாகக் காயும். பிறகு மெல்ல எண்ணெய். ஈரக்காற்றால் ஒரு நன்மையும் உண்டு: கரி இளகியே இருப்பதால் அடுத்த வெடிக்குக் குண்டு சுலபமாக இறங்கும். கச்சான் மதியத்தில் அதே கரி கட்டிபட்டு, ஒவ்வொரு வெடிக்கும் ஈரத்துணி போட்டால்தான் கோல் போகும்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வீட்டில் அனுமதியோடு ஏற்கெனவே இருந்தால், குழல் நல்லதாக இருந்தால், வைத்திருங்கள். பயிரைக் காக்க மட்டுமே ஒரு துவக்குத் தேடுகிறீர்கள் என்றால் தோட்டா போடுகிற ஒற்றைக்குழல் போதும், மழையில் அது கைவிடாது. எனக்கு இப்போது வேண்டியது ஒரு சோடி புது முலை. இடக்குழலினது விளிம்பு தட்டையாகி, கேப் தளர்ந்து விழத் தொடங்கிவிட்டது. பெரும்போக விதைப்புக்கு முன் அதை மாற்றிவிட வேண்டும்.