பன்றி ஹாப்டோகுளோபின் எலைசா கிட்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பன்றியின் உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் ரத்தத்தில் ஏறும் புரதங்களில் ஹாப்டோகுளோபினும் ஒன்று. அதை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடித்து நிறத்தை வைத்து அளக்கும் சாண்ட்விச் எலைசா கிட்டை வாங்கும்போது எத்தனை நுண்ணிய அளவு வரை பிடிக்கும் என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். இந்தப் புரதத்துக்கு அது முக்கியமே இல்லை. சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) இது மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது, கிட் அளப்பதோ நானோகிராம் கணக்கில். நல்லதும் கெட்டதும் நீர்த்தலில்தான்.

10,000 மடங்கு நீர்க்க 5 மைக்ரோலிட்டர் சீரத்தை 495 மைக்ரோலிட்டர் பஃபர் கரைசலில் விட்டுக் கலக்கி, அதிலிருந்து மறுபடி 5 எடுத்து 495-இல் விடுங்கள். 1 மைக்ரோலிட்டரை எடுத்து ஒரே படியில் முடிக்கப் பார்த்தால் ஒரே மாதிரியை விட்ட டூப்ளிகேட் வெல்கள் (பிளேட்டின் குழிகள்) ஒத்துப்போனாலும் விடை தப்பாக இருக்கும். பிழை வெல்லுக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. சீரம் பிசுபிசுப்பானது. பிப்பெட் டிப்பின் வெளிப்பக்கம் ஒட்டிய துளியைத் துடைக்காமல் விட்டால் அதுவும் கணக்கில் சேரும்.

புது கிட் வந்ததும் ஒரே சீரத்தை 5,000, 10,000, 20,000 மடங்கு நீர்த்து ஓட்டிப் பாருங்கள். பெருக்கி வரும் மூன்று விடைகளும் 20 சதவீதத்துக்குள் நிற்காவிட்டால் அந்தக் கிட்டை நம்ப வேண்டாம். கிட்டின் தயாரிப்பு லாட் மாறும்போதும் பழைய சீரம் இரண்டு மூன்றைச் சேர்த்து ஓட்டுவது அவசியம்.

அடுத்த தலைவலி சிவந்த சீரம். திமிறும் பன்றியிடம் சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, ஊசியைக் கழற்றாமல் குழாயில் பீய்ச்சினாலோ ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன. வெளிவரும் ஹீமோகுளோபின் ஹாப்டோகுளோபினை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த இணைப்பை எல்லா ஆன்டிபாடியும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. ஹீமோகுளோபின் பிணைப்பு முறையில் நிறம் காட்டும் கிட்களில் இன்னும் மோசம், மாதிரியில் இருக்கும் ஹீமோகுளோபினே நிறம் கொடுத்துவிடும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலே ஒதுக்கிவிடுவது நல்லது.

பிளேட் வேலையில் சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு கழுவலுக்கும் வெல்லுக்கு 300 மைக்ரோலிட்டர். கடைசியில் டிஷ்யூ பேப்பரில் கவிழ்த்து நன்றாகத் தட்டுங்கள். ஓரத்து வெல்கள் மட்டும் விலகி நின்றால் பெரும்பாலும் பிளேட் அறை வெப்பத்துக்கு வராமலே தொடங்கியிருக்கும். சீரத்திலோ பஃபரிலோ சோடியம் அசைடு இருந்தால் நிறம் உண்டாக்கும் என்சைமான பெராக்சிடேஸ் முடங்கி நிறம் குறையும். ஸ்டாப் சொல்யூஷன் விட்டதும் நீலம் மஞ்சளாகும்; தாமதிக்காமல் 450 நானோமீட்டரில் படியுங்கள். அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுகளின் வளைவுக்கு நேர்கோடு போடாதீர்கள், S வடிவ நான்கு அளவுரு வளைவுதான் பொருந்தும்.

மீதி ஸ்ட்ரிப்களை (பிளேட்டிலிருந்து கழற்றும் வெல் வரிசைகளை) ஈரம் உறிஞ்சும் பையோடு ஃபாயில் உறையில் மூடி 4 டிகிரியில் வைக்கலாம். நீர்த்த ஸ்டாண்டர்டை மட்டும் மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள்.