எரிச்சலை ஆங்கிலத்தில் சொல்ல: சொற்பட்டியலா, மாணவர் அகராதியா?

சீன மொழி பேசும் பெரியவர்களுக்கு இணையவழி ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பஸ் வரவில்லை, மாடி வீட்டில் சத்தம், வரிசையில் ஒருவர் இடையில் நுழைகிறார் என்று அன்றாட எரிச்சலைப் பேசப் பழக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் சீனப் பொருளும் உள்ள சொற்பட்டியல் புத்தகம். இன்னொன்று, எளிய ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் மாணவர் அகராதி. நான் அகராதி கட்சி.

பட்டியலின் லாபம் வேகம்தான். தேர்வுக்கு நிறைய சொற்களை ஏற்ற அது போதும். அகர வரிசையில் முதலில் வரும் 'அபாண்டன்' என்ற சொல்லோடு பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள் என்பது சீன மாணவர்களிடையே பழைய கேலி. அந்தச் சொல்லின் பொருளே 'கைவிடு' என்பதுதான்!

எரிச்சல் என்று வரும்போதுதான் பட்டியல் சொதப்புகிறது. சீனத்தில் 'வோ ஹென் ஃபான்' என்றால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. 'தா ஹென் ஃபான்' என்றால் பெரும்பாலும் அவன் எரிச்சலூட்டுகிறான். யாருக்கு எரிச்சல், யாரால் எரிச்சல் என்று சொல் காட்டாது, சூழல்தான் காட்டும். ஆங்கிலத்திலோ எரிச்சல் அடைந்தவர் அனாய்ட், எரிச்சலூட்டுபவர் அனாயிங் என்று சொல்லின் வால் மாறவேண்டும். பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவர் 'ஐ ஆம் வெரி அனாயிங்' என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். அப்புறம் 'மீது' என்று பொருள்படும் 'துய்' என்ற ஒரே சீனச் சொல்லை நினைத்து 'அனாய்ட் டு ஹிம்' என்பார்கள். ஆளென்றால் 'வித்', விஷயமென்றால் 'அபவுட்' என்பதை அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பார்த்தவுடன் காட்டிவிடும். 'பிஸ்ட்' என்பது அமெரிக்காவில் கோபம், பிரிட்டனில் குடிபோதை என்றும் குறித்திருக்கும்.

இந்த வகை அகராதி பிறந்ததே இதற்காகத்தான். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, சொல் வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று காட்டத் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபடி வெளியிட்டது.

குறையும் உண்டு. 1978இல் வந்த, இதே வகையைச் சேர்ந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 சொற்களைக் கொண்டே பொருள் சொன்னது, ஆனால் அந்த 2,000 முதலில் தெரிந்திருக்கவேண்டுமே. புதியவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் ஆங்கில-சீன இருமொழிப் பதிப்பு சமரசமாக இருக்கலாம். என் மாணவர்களின் கண் அதில் நேரே சீனத்துக்குத்தான் ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் கற்பித்ததில்லை, அதனால் அவர்கள் விஷயத்தில் அடித்துச் சொல்லமாட்டேன். தேர்வு அடுத்த மாதம் என்று வருபவரிடம் அகராதிப் பேச்சையே எடுப்பதில்லை.