27 பொருள்களும் ஒரு தம்ளர் கஞ்சியும்: சத்துமாவு மதிப்புரை

காலை உணவைத் தவிர்ப்பவர்களுக்கும், பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளுக்கும், பல் போன பெரியவர்களுக்கும் ஒரே மருந்தாக இன்று கைகாட்டப்படுவது சத்துமாவு. பெரிய அங்காடி ஒன்றில் 'ஹெல்த் மிக்ஸ்' என்ற பெயரோடு அடுக்கி வைத்திருந்த பொட்டலம் ஒன்றையும், எங்கள் ஊர்ச் சந்தைக்கு அருகில் மகளிர் சுய உதவிக் குழுவினர் மில்லில் அரைத்து விற்கும் மாவையும் ஒரே சமயத்தில் வாங்கி, வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளுமாகக் குடித்துப் பார்த்த பின் இதை எழுதுகிறேன். அங்காடிப் பொட்டலத்தின் நிறுவனப் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. அதன் பக்கத்தில் இருந்த மற்ற பொட்டலங்களையும் திருப்பிப் பார்த்தேன். பெயரையும் நிறத்தையும் மாற்றிவிட்டால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

பொட்டலத்தின் முன்பக்கத்தில் பாதாம், பிஸ்தா, முந்திரி ஆகியவை ஒரு கிண்ணத்திலிருந்து வழிகின்றன. அதன் மேல் '27 இயற்கைப் பொருள்கள்' என்று பொன்னிற எழுத்து. பின்பக்கத்தைப் படித்தால் கதை வேறு. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பதால், முதல் நான்கைந்து பெயர்களைப் பார்த்தாலே மாவின் குணம் தெரிந்துவிடும். இதில் கோதுமை 22 சதவீதம், மக்காச்சோளம் 15, பொட்டுக்கடலை 14, கேழ்வரகு 12, அரிசி 8. இந்த ஐந்துமே 71 சதவீதத்தை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 29 சதவீதத்துக்குள் மீதி 22 பொருள்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. படத்தில் முதலிடம் பிடித்த பாதாமின் பங்கு 2 சதவீதம். ஒரு வேளைக்கு 30 கிராம் மாவு என்று பொட்டலமே சொல்கிறது. அதில் பாதாம் 0.6 கிராம், அதாவது ஏறக்குறைய அரைப் பருப்பு. பிஸ்தா அரை சதவீதம் என்பதால் அதைத் தேடிப் பிடிக்கவே முடியாது. அரைக் கிலோ 240 ரூபாய் கொடுத்து வாங்கும் ஒருவர் இந்தப் பருப்புகளுக்காகத்தான் கொடுக்கிறார் என்றால், அந்தப் பணத்துக்குத் தனியாக நிலக்கடலை வாங்கித் தின்பது எவ்வளவோ மேல். நூறு கிராம் நிலக்கடலையில் 23 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது.

பொருள்களின் எண்ணிக்கை வேறு, சத்தின் அளவு வேறு. இந்த மதிப்புரையில் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான் என்பதால் கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்கிறேன். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பதாக ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுப் பட்டியல் சொல்கிறது. தானியங்களில் இது அபூர்வமான அளவு. (அந்த நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் ஓர் ஆய்வறையாகத் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது.) ஆனால் இந்தப் பொட்டலத்தின் 30 கிராமில் கேழ்வரகு 3.6 கிராம்தான். அதிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச்சத்து 13 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ 1000 மில்லிகிராம். மாவை 150 மில்லி பசும்பாலில் காய்ச்சினால் அந்தப் பாலிலிருந்து மட்டும் 180 மில்லிகிராம் அளவுக்குக் கிடைத்துவிடும். ஆக, 'எலும்புக்கு வலு' என்று பொட்டலம் பெருமைப்படும் வேலையை அதில் பெரும்பாலும் செய்வது நாம் ஊற்றும் பால்தான்.

இதே கேழ்வரகை உணவாக உண்டால் என்ன ஆகும்? ஒருவருக்கு 75 கிராம் மாவில் அடை தட்டினால் 270 மில்லிகிராம். அதில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டுப் பிசைந்தால் மேலும் 80, 90 மில்லிகிராம் கூடும். தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் தாதுச்சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இவை முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பது உண்மையே; அப்படிக் கழித்துப் பார்த்தாலும் தம்ளர் கஞ்சியின் 13 மில்லிகிராம் இதன் பக்கத்தில் நிற்காது. நம் வீடுகளில் களியும் கூழும் அடையும் வயிறு நிறைய உண்ணும் சாப்பாடாக இருந்தவை. அவற்றையே இரண்டு கரண்டி பொடியாகச் சுருக்கிப் பானமாக்கிவிட்டுப் பழைய பலனை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

புரதத்திலும் இதே நிலை. பொட்டலம் தரும் கணக்குப்படி நூறு கிராமில் 13 கிராம் புரதம் உள்ளது. அப்படியானால் ஒரு வேளைக்கு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 0.83 கிராம் வீதம், நாளொன்றுக்கு 50 கிராம் தேவைப்படுகிறது. ஒரு முட்டையே 6 கிராம் தந்துவிடும். ஆயினும் ஒரு நல்லதைச் சொல்லியாக வேண்டும்: தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு, பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் உண்டு, இரண்டும் கலந்த மாவின் புரதம் தனித் தானியத்தின் புரதத்தைவிடத் தரமானது. இட்லிக்கு உளுந்தும், பொங்கலுக்குப் பாசிப்பருப்பும், சோற்றுக்குச் சாம்பாரும் என்று நம் சமையல் இதைத்தான் தினமும் செய்துவருகிறது. ஆகவே, காலையில் சாம்பாரோடு இட்லியோ பொங்கலோ ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு இந்த மாவு புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. டீயும் பிஸ்கட்டுமாகக் காலையை ஓட்டுபவருக்கு நிச்சயமாக ஒரு படி மேல்.

இனி காய்ச்சும் விதம். 'கொதிக்கும் பாலில் மாவைச் சேர்த்துக் கிளறவும்' என்று பொட்டலத்தில் போட்டிருப்பதை அப்படியே செய்தால் கட்டி தட்டும். மேலே வெந்ததுபோல் தெரியும் உருண்டைக்குள் பச்சை மாவு இருக்கும். மாவை ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்து, அடிபிடிக்காமல் கிண்டி, ஏழெட்டு நிமிடம் நன்றாகக் கொதித்த பின் பால் ஊற்றுவதே சரி. அவ்வாறு காய்ச்சியும் இந்த மாவில் மக்காச்சோளத்தின் நெடி தூக்கலாக இருந்தது. ஏலக்காய் தாராளமாகப் போட்டிருப்பது அந்த நெடியை அமுக்கத்தான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை இல்லாமல் தொடவில்லை. அது மட்டுமே 10 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் ஒரு நாளைக்கே 20 முதல் 25 கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை வேண்டாம் என்கின்றன. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் போட்டால் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம், அவையும் சர்க்கரைதான்.

சுய உதவிக் குழுவின் மாவு தோற்றத்திலேயே வேறு. அச்சிட்ட வண்ணப் பை இல்லை. கையால் ஒட்டிய சீட்டும் அதில் உரிம எண்ணும் அரைத்த தேதியும் உள்ளன. பொருள்கள் ஒன்பது மட்டுமே: கேழ்வரகு, கம்பு, சம்பா கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, உளுந்து, சுக்கு, ஏலக்காய். கேழ்வரகு பத்தில் மூன்று பங்கு. விலை அரைக் கிலோ 130 ரூபாய். கேழ்வரகையும் கம்பையும் பயறையும் முளைகட்டி நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைப்பதாகச் சொன்னார்கள். முளைகட்டியதற்கு என்ன அடையாளம் என்று கேட்டதற்கு அங்கிருந்த பெண்மணி சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "காய்ச்சிப் பாருங்க சார், நெசமா மொளகட்டுன மாவுன்னா கஞ்சி இளக்கமா ஓடும், மொளகட்டாததுன்னா பசையாட்டம் இறுகிக்கும்."

அவர் சொன்னதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. தானியம் முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குவதால், வறுக்கும் சூட்டில் அந்த நொதி அழியாமல் இருந்தால், கஞ்சி கெட்டிப்படுவது குறைகிறது. அதனால் அதே அளவு தண்ணீரில் கூடுதல் மாவைக் கரைத்தும் குடிக்க முடிகிறது. வயிறு சிறிதாக உள்ள குழந்தைக்கும் பசி மந்தமான முதியவருக்கும் இது பெரிய உதவி. ஒரே அளவு மாவையும் தண்ணீரையும் வைத்து இரண்டையும் காய்ச்சியபோது, மில் மாவு கரண்டியிலிருந்து நூலாக வழிந்தது. முன்பக்கத்தில் 'முளைகட்டியது' என்று போட்டிருந்த அங்காடி மாவோ ஆறும் முன்பே ஆடை கட்டிக் கரண்டியை நிறுத்தி வைத்தது. அதை வைத்து முளைகட்டவில்லை என்று குற்றம் சாட்ட மாட்டேன். அதிகச் சூட்டில் வறுத்திருந்தாலும் அப்படித்தான் ஆகும். ஆனால் முளைகட்டியதன் பலன்களில் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் உறுதி. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். முளைகட்டுவதால் ஃபைட்டேட் குறைந்து இரும்புச்சத்து உடலில் சேர்வது எளிதாகிறது. ஆனால் முளைப்பயறில் பெருகும் வைட்டமின் சி, உலர்த்தி வறுத்து அரைத்த மாவில் பெரிதாக எதிர்பார்க்கக் கூடியதல்ல. அதனால் கஞ்சியோடு ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ தின்பது வீண்போகாது. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு, அது தானியத்தின் இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. கஞ்சி குடித்த கையோடு காபி குடிக்கும் நம் வழக்கம் அதற்கு நேர் எதிர். காபியையும் டீயையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம்.

மில் மாவிலும் குறை உண்டு. கம்பில் கொழுப்பு கூடுதலாக உள்ளதால் அதன் மாவு சீக்கிரம் காறிப்போகும். நிலக்கடலையும் சேர்ந்திருப்பதால் இது மேலும் விரைவுபடுகிறது. இரண்டாம் முறை வாங்கியதில் பிரித்தவுடனேயே சிக்கு வாடை வந்தது. தேதியைப் பார்த்தால் அரைத்து இரண்டு மாதம் கடந்திருந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், விற்பதற்கு முன்பே அவர்கள் கவனித்திருக்க வேண்டும். சலிப்பும் ஒரே சீராக இல்லை, சில நேரங்களில் உமி நாக்கில் தட்டுகிறது. ஊட்டச்சத்துப் பட்டியல் சீட்டில் இல்லை என்பதையும் குறையாகவே கொள்கிறேன்.

யாருக்கு எந்த மாவு ஏற்றது என்பதிலும் கவனம் வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு எந்தக் கஞ்சியும் கூடாது, தாய்ப்பால் மட்டுமே. அதன் பிறகும் 27 பொருள்களை ஒன்றாக அரைத்துக் கொடுப்பதைத் தவிர்ப்பேன். குழந்தைக்கு ஏதேனும் ஒவ்வாமல் தடித்தால் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றிரண்டு பொருள்களில் தொடங்கி மெல்லக் கூட்டுவதே நல்லது, இரண்டு வயது வரை சர்க்கரையும் வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சத்துமாவுக் கஞ்சி நல்லது என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிய எந்தத் தானியமும் இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றக் கூடியது. அவர்கள் இதே மாவைக் காய்கறியும் கீரையும் சேர்த்து அடையாகத் தட்டிச் சுண்டலோடு சாப்பிடுவது மேல். மருத்துவர் சொன்ன அளவு அதற்கும் பொருந்தும்.

'ஹெல்த் மிக்ஸ்', 'ஹெல்த் டிரிங்க்' போன்ற பெயர்களில் மயங்குவோர் ஒன்றை நினைவில் வைக்கலாம்: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதால், 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களை அந்தத் தலைப்பின் கீழ் பானங்களைக் காட்ட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு வந்த உணவு வழிகாட்டுதல்களில் 2000 கலோரி தேவைப்படுபவருக்கான ஒரு நாள் தட்டு இவ்வாறு இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. நம் வீட்டுத் தட்டில் பெரும்பாலும் தானியம் இதைத் தாண்டிவிடுகிறது, காய்கறி பாதிகூட வருவதில்லை. சத்துமாவு மேலும் கொஞ்சம் தானியத்தையும் சிறிது பருப்பையும் மட்டுமே கூட்டுகிறது. குறையும் காய்கறியை அதனால் ஈடுசெய்ய முடியாது.

அங்காடிப் பொட்டலத்தை இனி வாங்கப் போவதில்லை. மில் மாவைத் தேதி பார்த்து, கால் கிலோவாக மட்டும் வாங்குகிறேன். கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் வாடை வருவதில்லை. எங்கள் வீட்டில் நிலைத்த முறை பால் கஞ்சி அல்ல. இரவே உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த கஞ்சியில், காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, தொட்டுக்கொள்ள முதல் நாள் மிஞ்சிய கீரைக் கூட்டோ வேகவைத்த பயறோ வைத்துக்கொள்கிறோம். சர்க்கரையைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. பெரியவர்களுக்கு இது போதுகிறது; பிள்ளைகளுக்கு மட்டும் கூடவே ஒரு முட்டை அவித்து வைக்க வேண்டியிருக்கிறது.