எழுத்தா, எண்ணமா, மேசையின் தீர்ப்பா: மந்திர விதிகளைப் படிக்கும் மூன்று வழிகள்

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 விதிநூலை வைத்து நான் டன்ஜன் மாஸ்டராக (கதையை நடத்தித் தீர்ப்பும் சொல்பவராக) நடத்திய ஓர் ஆட்டத்தில், உருவத்தை மறைத்துக்கொண்டு பறந்த ஓர் இம்ப்பை (குட்டிப் பேயை) காண்பதற்காக, விஸார்டாக (மந்திரவாதியாக) ஆடிய நண்பர் தம்மிடமிருந்த கடைசி இரண்டாம் நிலை ஸ்லாட்டை, அதாவது மந்திரம் போடும் வாய்ப்பை, செலவழித்து சீ இன்விசிபிளிட்டி மந்திரத்தைப் போட்டார். அடுத்த சுற்றில் அவர் தாக்குவதற்காக இருபது முகப் பகடையைக் கையில் எடுத்தபோது, பக்கத்தில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “இம்ப் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் நீங்கள் டிஸட்வான்டேஜோடுதான் உருட்ட வேண்டும்” என்றார். இரு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுப்பது டிஸட்வான்டேஜ்; கூடிய எண்ணை எடுப்பது அட்வான்டேஜ். எழுத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த நூலில் இன்விசிபிள் நிலைக்கு இரண்டு தனித்தனிக் கூறுகள் உண்டு. மந்திரமோ சிறப்புப் புலனோ இல்லாமல் அதைக் காண முடியாது என்பது முதற்கூறு. அதைத் தாக்குபவருக்கு டிஸட்வான்டேஜ், அது தாக்கினால் அட்வான்டேஜ் என்பது இரண்டாவது. காண முடியாததால்தான் இரண்டாவது பொருந்துகிறது என்று நூல் எங்கும் கட்டவில்லை. ஆகவே, கண்ணுக்குத் தெரிந்த பிறகும் இரண்டாவது கூறு நீடிக்கிறது. விதிகளின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஜெரமி கிராஃபர்டும் எழுத்து அப்படித்தான் இருக்கிறது என்றே விளக்கினார்.

இத்தகைய இடங்களில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. விதி எழுதப்பட்டவாறு, விதி எண்ணப்பட்டவாறு, விதி மகிழ்ச்சி தருமாறு என்று இவற்றை 2015-இல் வெளியான ஒரு சேஜ் அட்வைஸ் (விதிகளுக்கான அதிகாரபூர்வ விளக்கத் தொடர்) பத்தியே பெயரிட்டுப் பிரித்துக் காட்டியது. இறுதிச் சொல் டன்ஜன் மாஸ்டருடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை; அவர் எதை வைத்து அந்தச் சொல்லைச் சொல்வது என்பதுதான் கேள்வி.

எழுத்துவழியின் பெரிய பலம் முன்கூட்டியே தெரிவது. தம் கேரக்டர் ஒரு நிலை உயரும்போது எந்த மந்திரத்தைக் கற்பது என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும் ஆட்டக்காரருக்கு, என் மனத்தில் இருப்பது தெரியாது. புத்தகத்தில் இருப்பது தெரியும். ஆனால் எழுத்து ஒரே விடையைத்தான் தரும் என்று நம்புபவர்களுக்கு மேஜிக் மிஸைலைக் காட்டுவேன். முதல் நிலை ஸ்லாட்டில் மூன்று அம்புகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு முகப் பகடை ஒன்றும் கூடுதலாக 1 புள்ளியும் சேதம். மூன்றும் ஒரே நேரத்தில் தைக்கும். ஒரே நேரத்தில் பல இலக்குகளைத் தாக்கும் மந்திரத்துக்குச் சேதத்தை ஒரு முறை உருட்டினால் போதும் என்பது பொதுவிதி. மூன்று அம்புகளையும் ஓகர் என்ற அரக்கன் ஒருவன் மீதே விட்டால் அது “பல இலக்கு” ஆகுமா? ஒரே உருட்டல்தான் என்பது கிராஃபர்டின் விளக்கம். இல்லை, தனித்தனியாகத்தான் உருட்ட வேண்டும் என்று அதே எழுத்தைக் கொண்டே வாதிடலாம்.

வெறும் வறட்டுத் தர்க்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. எவோகேஷன் என்ற மந்திரப் பிரிவில் தேர்ந்த பத்தாம் நிலை விஸார்டு, தாம் போடும் எவோகேஷன் மந்திரத்தின் (மேஜிக் மிஸைலும் அதில் அடக்கம்) ஒரு சேத உருட்டலில் தம் அறிவுத்திறன் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். அந்த எண் 5 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக உருட்டினால் ஓர் அம்புக்கு மட்டுமே அது சேரும். சராசரிச் சேதம் 15.5. ஒரே உருட்டல் என்றால் மூன்று அம்புகளுக்கும் சேரும், சராசரி 25.5. மூன்றாம் நிலைத் தீப்பந்து மந்திரமான ஃபயர்பாலின் சராசரியே 28தான், அதிலும் எதிரி தற்காப்பு உருட்டலில் வென்றால் பாதிதான் என்பதை நினைத்தால், ஒரு சொல்லைப் படிக்கும் விதம் எவ்வளவு கனமானது என்பது விளங்கும்.

எழுத்து வாய்மூடி நிற்கும் இடத்தில் எண்ணவழி கைகொடுக்கிறது. விலங்குகளை வரவழைக்கும் கான்ஜர் அனிமல்ஸில் எட்டுச் சிறு விலங்குகளா, ஒரு பெரிய விலங்கா என்று மந்திரம் போடுபவர் தேர்ந்தெடுக்கிறார். எந்த விலங்கு என்பதை யார் முடிவு செய்வது என்று 2014 நூல் தெளிவாகச் சொல்லவில்லை. அது டன்ஜன் மாஸ்டரின் உரிமை என்று சேஜ் அட்வைஸ் தொகுப்பு முடித்துவைத்தது. ஆனால் எண்ணத்தை எங்கே தேடுவது? கிராஃபர்டின் ட்விட்டர் பதில்கள் ஆலோசனைகளே தவிர அதிகாரபூர்வத் தீர்ப்புகள் அல்ல என்று அதே தொகுப்பு பின்னர் அறிவித்தது. பழைய பதிப்புகளைப் பார்த்து எண்ணத்தை ஊகிப்பதும் ஆபத்து. முதல் அட்வான்ஸ்ட் பதிப்பின் ஃபயர்பால் ஏறத்தாழ 33,000 கன அடி இடத்தை நிரப்பும். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள சுரங்க வழியில் அது 330 அடி நீளத்துக்குப் பாய்ந்து, போட்டவரின் கூட்டத்தையே பொசுக்கிவிடும். 2014 நூலின் ஃபயர்பால் 20 அடி ஆரத்தோடு நின்றுவிடுகிறது. மூலைகளைச் சுற்றிப் பரவும் என்ற வரி மட்டும் பழைய வீட்டுத் தூணைப் போல அதில் மிஞ்சியிருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பழைய பாய்ச்சலைத் திரும்பக் கேட்பவரை நான் அனுமதிப்பதில்லை. எண்ணத்தை அறிய மந்திரத்தின் நிலையைப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. ஸ்லாட்டாக அதற்குக் கொடுக்கும் விலை, எவ்வளவு பலத்துக்காக அது எழுதப்பட்டது என்பதற்குச் சான்று.

மூன்றாவது வழியான மேசைத் தீர்ப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். கிரியேட் ஆர் டெஸ்ட்ராய் வாட்டர் மந்திரத்தால் திறந்த பாத்திரத்தில் பத்து கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் நீரை உண்டாக்கலாம். வாயைத் திறந்திருக்கும் எதிரியின் நுரையீரல் திறந்த பாத்திரம்தானே என்று கேட்காத ஆட்டக்காரர் அரிது. கேட்டவுடன் மேசையே சிரிக்கும், ஒரு முறை விட்டுக்கொடுக்கவும் தோன்றும். விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் எதிரியின் கிளெரிக்கும் (பூசாரியும்) அதையே செய்வார்; அப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இவற்றில் ஒன்றையே எல்லா மந்திரங்களுக்கும் வைத்துக்கொள்வது வீண் என்று எனக்குத் தோன்றுகிறது. தூரம், ஆரம், சேதம், நேரம் என்று எண்களால் ஆன மந்திரங்களில் எழுத்தையே பின்பற்றுகிறேன். எழுத்து இரண்டாகப் பிளக்கும்போது மட்டும் நிலையைப் பார்க்கிறேன். பெயரடையால் ஆன மந்திரங்களில் எழுத்து உதவாது. யோசனை சொல்லிப் பணியவைக்கும் மந்திரமான 2014 நூலின் சஜஷன், சொல்லப்படும் யோசனை நியாயமாகத் தோன்ற வேண்டும் என்று நிபந்தனை இடுகிறது. ஆனால் எதிர்ப்படும் முதல் பிச்சைக்காரருக்குத் தன் போர்க்குதிரையைக் கொடுத்துவிடுமாறு ஒரு வீராங்கனையிடம் சொல்லலாம் என்று அதே பத்தி உதாரணமும் தருகிறது! அதை நியாயம் என்று ஏற்றால் வாயிற்காவலன் சாவியைக் கொடுப்பதும் நியாயமே. ஏற்காவிட்டால் நூலின் உதாரணமே பொய்த்துவிடும். நிபந்தனைக்கும் உதாரணத்துக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதை அந்தந்த மேசைதான் முடிவு செய்ய வேண்டும்.

2024 பதிப்பு இந்தச் சிக்கலை உணர்ந்து, யோசனை செய்து முடிக்கக் கூடியதாகத் தோன்ற வேண்டும், 25 சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்று மாற்றியது. பெயரடை தளர்ந்தது, எண் வந்தது. தமிழில் ஆடும் எங்கள் மேசையில் அந்த எண்ணே புதிய வழக்காகிவிட்டது. “கொடுத்துவிட்டுப்போய்விடவேண்டும்” என்பது ஒரு சொல்லா, ஐந்தா? சேர்த்து எழுதத் தெரிந்தவருக்கு 25 சொற்களில் ஒரு கட்டுரையே அடங்கும். ஒரு நண்பர் அதைச் செய்தும் காட்டினார். இறுதியில் பிரித்து எண்ணுவது என்று தீர்மானித்தோம்.

இம்ப் விவகாரத்துக்கு வருகிறேன். அன்று எண்ணத்தின் பக்கம் சாய்ந்து, டிஸட்வான்டேஜ் இல்லாமலே உருட்டச் சொன்னேன். மறைந்த ஒன்றைக் காண்பதற்கென்றே ஸ்லாட் செலவழித்தவருக்கு அதைக் கண்டும் பயன் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உன்னைக் காண முடிந்த எதிரியிடம் இந்தச் சலுகை செல்லாது என்று 2024 விதிநூல் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. அன்று புத்தகத்தைப் புரட்டி வாதிட்ட அந்த நண்பர் இப்போது அந்த எழுத்தின்படியே ஆடுகிறார். அன்று நான் சரியாகத் தீர்த்தேன் என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.