ஃபோம் ஜாக்கெட்டா, காற்றடைக்கும் ஜாக்கெட்டா?

லைஃப் ஜாக்கெட் வாங்கப் போனால் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் குழப்பம் வரும்: 50 நியூட்டன் ஃபோம், 100 நியூட்டன் ஃபோம், 150 நியூட்டன் காற்றடைக்கும் ஜாக்கெட். நியூட்டன் என்பது ஜாக்கெட் நம்மைத் தண்ணீரில் மேலே தூக்கும் விசையின் அளவு. விலை, எடை எல்லாம் அப்புறம். மயங்கிய நிலையில் தண்ணீரில் கிடப்பவரின் முகத்தை அது மேலே திருப்புமா என்று முதலில் பாருங்கள்.

50 நியூட்டன் திருப்பாது. கயாக் ஓட்டுபவருக்குத் துடுப்பு போட வசதியாக இருக்கும், நீச்சல் தெரிந்து பக்கத்தில் ஆளும் இருந்தால் போதும், அவ்வளவுதான். காலர் வைத்த 100 நியூட்டன் ஃபோம் அமைதியான ஏரியிலும் காயலிலும் திருப்பிவிடும், ஆனால் தடிமன், வெயிலில் புழுங்கும், அதனாலேயே பலர் கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டுவிடுகிறார்கள்.

காற்றடைக்கும் ஜாக்கெட்டின் பெரிய பலமே அங்கேதான், கழுத்தில் ஒரு பட்டை மாதிரி கிடப்பதால் நாள் முழுக்கப் போட்டிருக்கலாம். தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் மாத்திரை கரைந்து, ஊசி சின்ன கேஸ் சிலிண்டரைக் குத்தி, நொடிகளில் உப்பிவிடும். சிக்கல் பராமரிப்பில். ஈரக்காற்றில் மாத்திரை கெடும், சிலிண்டர் திருகு தளரும், ஒருமுறை உப்பினால் இரண்டையும் மாற்ற வேண்டும். சிலிண்டரின் மேல் அதன் எடை பொறித்திருக்கும், சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், குறைந்தால் கேஸ் கசிந்துவிட்டது. இதையெல்லாம் செய்யப் பொறுமை இல்லை என்றால் தயவுசெய்து ஃபோமே வாங்குங்கள்.

கூரை போட்ட படகு தனிக்கதை. கேரளாவில் 2009இல் தேக்கடியில் 45 பேரையும் 2023இல் தானூரில் 22 பேரையும் பலி வாங்கியவை இரண்டுமே இரண்டடுக்குப் படகுகள். அப்படி ஒன்று கவிழும்போது கீழ்த்தளத்தில் இருப்பவரின் ஜாக்கெட் தானாக உப்பினால் அது அவரைக் கூரையோடு சேர்த்து அழுத்தும், மூழ்கி வெளியே வர விடாது. 1996இல் கொமொரோஸ் அருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் உள்ளேயே ஜாக்கெட்டை உப்பவைத்த பலர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். ஃபோமிலும் இந்த ஆபத்து உண்டு, அதனால் திறப்புக்குப் பக்கத்தில் உட்காருங்கள். கயிற்றை இழுத்தால் மட்டும் உப்பும் வகை இங்கே நல்லது, ஆனால் பழகாதவர் பதற்றத்தில் இழுப்பார் என்று நம்ப முடியாது.

குழந்தைகளுக்கு யோசிக்கவே வேண்டாம், ஃபோம்தான், காலரும் கால்களுக்கு நடுவே போகும் பட்டையும் இருக்க வேண்டும். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள், ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு பெரிது.

சரி, என் தேர்வு? குடும்பத்தோடு ஏரியில் போக 100 நியூட்டன் ஃபோம். சொந்தப் படகில், திறந்த தளத்தில், கடலில் மீன்பிடிக்கப் போகும் பெரியவருக்கு மட்டும் 150. வாடகைப் படகில் தரும் ஃபோமின் கிளிப் உடைந்திருந்தாலோ, அமுக்கிய இடம் பழையபடி எழாவிட்டாலோ வேறு கேளுங்கள், இல்லை என்று சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.